ரங்கூன் கப்பலும் என் பாரோமீட்டரும்

பாளையங்கோட்டை,
1912 நவம்பர் 4.

மகா கனம் பொருந்திய சம்பந்தி ஞானசிகாமணி அவர்கள் சமுகத்துக்கு, வேலையிலிருந்து ஓய்ந்த உபாத்தியாயர் நேசையா தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் வீட்டம்மாளும் மகள் பியூலாவும் பசுமாடும் சுகம். நாசரேத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

விஷயம் வேறொன்றுமில்லை. மாப்பிள்ளை இம்மாதக் கடைசியில் ரங்கூனுக்குக் கப்பலேறும்போது பியூலாவையும் அழைத்துப்போவதாகப் பேச்சு. அவர் தாராளமாகப் போகட்டும், பியூலா மாசியில் போகட்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம். காரணம் புயல். ஐப்பசி கார்த்திகையில் வங்காளக் கடல் வெதுவெதுவென்று கிடக்கும். அந்தச் சூட்டில் நீராவி மேலே போக, கூடவே காற்றும் போக, கீழே காற்றின் பாரம் குறையும். உடனே நாலு திக்கிலுமிருந்து காற்று ஓடிவரும். பூமி சுற்றுவதால் அது நேரே வந்து சேராமல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றத் தொடங்கும். நம் சபை அசன விருந்தில் சோற்றுக் கிடாரத்தைத் திறந்ததும் ஜனங்கள் சுற்றுவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் கரண்டியோடு நிற்கும் உபதேசியார் மேல் மட்டும் ஒருவரும் இடிக்கமாட்டார்கள். புயலுக்கும் அப்படி நடுவில் ஒரு அமைதியான கண் உண்டு. சோறு தீர்ந்தால் கூட்டம் கலைகிறது. கரையேறி வெந்நீர் கிடைக்காமல் போனால் புயலும் ஓய்கிறது. பெரும்பாலும் மேற்கே நம் பக்கம் வரும். ஆனால் பாதி வழியில் மனம் மாறி வடகிழக்கே திரும்பி ரங்கூன் பக்கம் போவதும் உண்டாம். இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரை எனக்குத் தந்துபோன பாரோமீட்டரைத் தாங்கள் அறிவீர்கள். காற்றின் பாரம் குறைந்தால் அதன் முள் இறங்கும். புயலுக்கு அதுவே அடையாளம். தினமும் காலை ஜெபம் முடிந்ததும் கண்ணாடியைத் தட்டி முள்ளைப் பார்ப்பேன். போன வாரம் பாபநாசத்துக்கு மேலே காப்பித் தோட்டத்திலிருக்கும் என் தங்கை ஜெபராணி வீட்டுக்கு அதையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மலையில் வண்டி ஏற ஏற முள் இறங்கிற்று. உச்சியில் போய்த் தட்டினால் ‘பெரும்புயல்’ என்ற எழுத்தில் வந்து நிற்கிறது! தங்கை ஆக்கிய கோழிக்குழம்பைத் தொடாமல் இறங்கி ஓடி, அம்பாசமுத்திரம் சந்தையில் நின்று கத்தினேன். நெல் வியாபாரி தில்லைநாயகம் அண்ணாச்சி, காயப்போட்டிருந்த அவித்த நெல்லையெல்லாம் ஈரத்தோடு அள்ளி மூடிவிட்டார். அப்புறம் மூன்று நாள் மண்டையைப் பிளக்கும் வெயில். அவர் பாளையங்கோட்டைக்கே வந்து நின்றார்.

“வே வாத்தியாரே, ஒம்ம புயலு எங்கன வே சுத்துது? எம் நெல்லு நாறுது வே!”

வீடு வந்ததும் முள் பழையபடி ஏறிவிட்டதால், என் ஜெபத்தினால் புயல் விலகிற்று என்று அவருக்கு விளக்கினேன். உள்ளேயிருந்து பியூலா சிரித்தாள்.

“மலை மேல ஏறுனா காத்தோட பாரம் தானே கொறையும்பா. புயலு எங்கயும் வரல. நீங்கதான் மேல போனிய.”

“ஏட்டி, பெரியவங்க பேசுத எடத்துல ஒனக்கென்ன?” என்றேன். அண்ணாச்சி அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார், என்னைக் கும்பிடவில்லை.

மலையில் முள் தவறியதால் கடலில் புயல் இல்லையென்று ஆகிவிடாது, சம்பந்தி. ஒரே பெண். நான் கடலைத் தூத்துக்குடிக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. எனக்குப் பயமாயிருக்கிறது. மாசி வரைக்கும் அவள் இங்கே இருக்கட்டும்.

தங்கள் வீட்டாருக்கும் வயலுக்கும் தொழுவத்துக்கும் சமாதானம் உண்டாவதாக.

இப்படிக்கு,
நேசையா

பி.கு. மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். தபாலில் சேர்ப்பதற்குள் பியூலா படித்துவிட்டாள். “கப்பல்ல முள்ளை யாருப்பா பாக்கது? நீங்க கூட வருவியளா?” என்று கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த பாரோமீட்டரைக் கழற்றி அவள் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். மாப்பிள்ளையும் அவளும் ஒரே கப்பலில் போகட்டும். கரையிறங்கியதும் தந்தி மட்டும் கொடுக்கச் சொல்லவும். இன்று காலை ஜெபம் முடிந்து வழக்கம்போல் போய் வெறும் சுவரைத் தட்டினேன். வீட்டம்மாள் பார்த்துவிட்டாள்.

“சுவரு என்ன சொல்லுது?” என்றாள்.

புயல் என்றேன்.