ஸ்டாண்டு போட்டபடி ஊர் சுற்றியவர்

வீட்டை விட்டு வெளியே வராமலே சோழ நாடு முழுவதையும் சைக்கிளில் சுற்றிவந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் தெரு ஸ்டாண்டுச் சித்தப்பா.

மலேயாவுக்குப் போன அவர் மச்சான் விட்டுச்சென்ற சைக்கிள் அது. அதை வீட்டுக்குள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஏறி உட்கார்ந்து மிதிப்பார். பின்சக்கரம் கரக், கரக் என்று காற்றில் சுற்றும். தலையில் துண்டு, உடம்பெல்லாம் வேர்வை. சைக்கிள் மட்டும் அடுப்புக்கும் நெல்குதிருக்கும் நடுவே அப்படியே நிற்கும்.

"பூதலூரத் தாண்டிட்டேன்!" என்று கத்துவார்.

"வர்றப்ப வெத்தல வாங்கிட்டு வாங்க," என்பார் சின்னம்மா, உலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலில் தெரு சிரித்தது. பிறகு குழம்பியது. எதிர்வீட்டு அத்தை, "நன்னிலம் போனா எங்கக்காவ ஒரு எட்டு பாத்துட்டு வா தம்பி," என்று சொல்லியனுப்பினார். சித்தப்பா அரைமணி மிதித்துவிட்டு, "வீடு பூட்டியிருக்கு," என்றார். அத்தை கவலையில் சாப்பிடவில்லை. பொங்கலுக்கு வந்த அக்கா, "நான் வீட்டுலதானடி இருந்தேன்! எப்ப வந்தாரு?" என்று கேட்டுவிட்டு, சித்தப்பாவிடமே சண்டைக்குப் போனார்.

படிக்கிற பெண் என்பதால் தெளிவு பெறும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"சித்தப்பா, சைக்கிள் நகரவே இல்லியே?"

"வேர்வ ஓடுதா இல்லியா?"

என் விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

அவர் வீட்டுக்குள்ளேயே மிதித்ததற்குக் காரணம் இதுதான். எங்கள் தெருவிலிருந்து ரோட்டுக்குப் போக மிராசுதார் தெரு ஒன்றே வழி. அங்கே எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கோட்டையில் ஆட்சி மாறி, ஊர்ச் சுவரெல்லாம் சமத்துவம் எழுதியாகிவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் தள்ளினோம்.

"தள்ளுறதுக்கு எனக்கு எதுக்கு சைக்கிளு? ஏறிப் போற நாள் வரட்டும். அன்னிக்குக் காலு தயாரா இருக்கணும்ல?" என்றார் சித்தப்பா.

அந்த நாள் என் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையன்று வந்தது. எங்கள் வம்சத்தில் அந்தப் பரீட்சை வரை போன முதல் ஆள் நான். தாளடி நெல் அறுப்புக் கூலித் தகராறு முற்றி, ரோட்டில் மறியல். பஸ் வராது என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது. நடந்து போனால் நன்னிலம் பள்ளிக்கூடத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள். தெருவே சித்தப்பாவின் சைக்கிளைப் பார்த்தது.

அவர் கம்பீரமாக ஸ்டாண்டைத் தள்ளினார். ஏறினார். விழுந்தார். மறுபடி ஏறி, மறுபக்கம் விழுந்தார். அப்போதுதான் எல்லோருக்கும், அவருக்கும்கூட, உண்மை புரிந்தது: சோழ நாடு சுற்றியவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

"எவன்டா ஸ்டாண்ட எடுத்தது?" என்று சீறினார்.

எனக்கு ஹேண்டில் பிடிக்கத் தெரியும்; தோழிகளோடு வாடகை சைக்கிளில் பழகியிருந்தேன். ஆனால் இந்த உயரமான சைக்கிளில் என் கால் பெடலுக்கு எட்டாது. ஆகவே நான் முன்னால் பாரில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தேன். அவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்தார். சின்னம்மா தள்ளிவிட்டார். அடேயப்பா, அந்தக் கால்கள்! வண்டி பறந்தது.

மிராசுதார் தெருவில் மிராசுதாரின் காரியக்காரர் வழி மறித்தார்.

"ஏய், எறங்குடா!"

"எறங்கத் தெரியாதுங்க!"

"என்னது?"

"ஸ்டாண்டு போட்டாத்தாங்க எறங்குவேன்! யாராச்சும் கையப் புடிச்சு நிறுத்துனீங்கன்னா எறங்கிடுறேங்க!"

காரியக்காரர் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. எங்களைத் தொட்டால் அவர் போய்க் குளிக்க வேண்டும். தொடவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர் விழிக்க, நான் ஹேண்டிலை ஒடித்து அவரைச் சுற்றிப் போனேன். திரும்பிப் பார்த்தபோது கை அப்படியே நீண்டிருந்தது.

பள்ளிக்கூட வேப்பமரத்தில் மோதித்தான் நின்றோம். எழுந்து ஸ்டாண்டு போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அப்போது ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது. கரக், கரக், கரக். பேனாவைத் திறந்தேன்.

எழுதி முடித்து வந்தபோது, மரத்தடியில் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார்.

"எங்க சித்தப்பா கெளம்பிட்டீங்க?"

"தஞ்சாவூர் வரைக்கும் போய்ப் பாத்தேன். காலேஜுக்கு வழி நல்லாத்தான் இருக்கு."

அவர் பார்த்துவைத்த வழியில்தான் நான் போனேன்.