வயது அறுபத்து நான்கு, பெயர் வேண்டாம்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

இன்று காலை பதினொன்று பத்துக்கு ஆய்வுக்கூடத்தில் கொடுத்த தாளின்படி, என் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற பொருளின் அளவு 6.8. நான்குக்குள் இருந்தால் கவலை குறைவு என்று அதே தாளின் வலது ஓரத்தில் அச்சாகியிருக்கிறது. கவுண்ட்டரில் இருந்த பெண்ணை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு முறையும் எண் மாறவில்லை. இது ஆண்களுக்கு மூத்திரப் பைக்கு அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி சம்பந்தப்பட்ட கணக்கு. அது வயதாக ஆக வீங்கினாலும் எண் ஏறும், கிருமி பிடித்தாலும் ஏறும், புற்றுநோய் என்றாலும் ஏறும். என்னுடையது இந்த மூன்றில் எது என்பது இன்னும் உறுதியாகவில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அண்ணியும் நலம் என்பது உங்கள் போன மாதக் கடிதத்தின் நிலவரம். மாறியிருந்தால் தெரிவிக்கவும்.

ஓய்வு பெற்ற பிறகும் பத்திரிகையில் ஒரு வேலை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேனே, என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் நகராட்சி, நீதிமன்றம், தீ விபத்து என்று எழுதியவனை ஞாயிறு இணைப்பில் ஆண்கள் நலம் கேள்வி பதில் பகுதிக்குப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். வாசகர் கடிதங்களைப் பிரித்து, ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை வெட்டி, நான்கு வரியாகச் சுருக்கி, செவ்வாய்தோறும் சிறுநீரகவியல் டாக்டருக்கு அனுப்புவேன். வியாழன் பதில் வரும். போன மாதம் வந்தவை நாற்பத்தொரு கடிதங்கள். அதில் முப்பத்துமூன்று பேர் நண்பருக்காகக் கேட்டிருந்தார்கள், ஐந்து பேர் மச்சானுக்காக, இரண்டு பேர் பக்கத்து வீட்டுக்காரருக்காக. தனக்கென்று கேட்டவர் ஒரே ஒருவர். அவருடைய கேள்வி, இந்தப் பகுதியைத் தன் மனைவி படிக்காத பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்பது.

கேள்விகளும் சுற்றிச் சுற்றி ஏழெட்டுதான். சின்ன வயதில் கைப்பழக்கம் இருந்தது, அதனால் இப்போது நரம்பு தளர்ந்துவிடுமா (தளராது). அளவு போதுமா (போதும், கவலைதான் அதிகம்). கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லை, மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, நண்பரும் எடுக்க வேண்டுமா (நண்பர் முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்). டாக்டர் பொறுமையாக ஒரே பதிலை வாராவாரம் புதிதாக எழுதுவார். அதற்கு நேர் கீழே ஆண்மை எண்ணெய் விளம்பரம் இருக்கும். அப்படி ஒரு நரம்புத் தளர்ச்சியே கிடையாது என்று டாக்டர் எழுதிய வாரம் விளம்பரம் அரைப் பக்கமாக வளர்ந்தது. விளம்பரப் பிரிவில் போய்க் கேட்டேன். “சார், அவங்க உங்க பகுதிக்குக் கீழதான் வேணும்னு கேட்டு வாங்குறாங்க. உங்களைப் படிச்சு பயந்தவங்கதான் அவங்க வாடிக்கையாளராம்” என்றார் பிரிவுத் தலைவர்.

எனக்குத் தொந்தரவு ஆரம்பித்துப் பதினான்கு மாதமாகிறது. போய் நின்றால் வராது. வந்தால் நூல் மாதிரி வரும், நிற்கும், முடிந்தது என்று பெல்ட்டை மாட்டிய பிறகு மறுபடி வரும். தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி நான் எழுதிய செய்திகளை எண்ணினால் ஒரு புத்தகம் தேறும். அந்தக் குழாய்களின் மேல் இப்போதுதான் எனக்கு அனுதாபம் வந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், அவர் வாராவாரம் என்னோடு போனில் பேசுகிற பெண்மணி. காற்புள்ளி எங்கே போடுவது என்று வாதாடியவரிடம் போய் இதை எப்படிக் காட்டுவது. ஆகவே என் பகுதிக்கு நானே ஒரு வாசகனாக எழுதினேன். வயது அறுபத்து நான்கு, பெயர் வேண்டாம்.

அங்கேதான் தொழில் புத்தி காலை வாரியது. எங்கே, எப்போது, எத்தனை முறை என்று சொல்லாத செய்தியை நான் அச்சுக்கு அனுப்பியதே இல்லை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பதினெட்டு நிமிட நடை, அதற்குள் இரண்டு இடத்தில் ஒதுங்க வேண்டியிருக்கிறது, முதலாவது தச்சுப் பட்டறையின் பின்சுவர், இரண்டாவது நூலகத்தின் கீழ்த்தளம், நூலகத்தில் நான் எடுத்த கடைசிப் புத்தகம் ஏழு மாதத்துக்கு முந்தையது என்று எல்லாவற்றையும் எழுதினேன். மற்றவர் கடிதத்தில் ஊர்ப் பெயரைக் கூட வெட்டுகிறவன், என் கடிதத்தில் ஒரு வரியைத் தொடவில்லை. படித்துப் பார்த்தபோது, முதல் தடவையாக ஒரு வாசகர் முறையாக எழுதியிருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பத்திரிகை வந்தது. ஏழேகாலுக்கு உங்கள் தம்பி மனைவி அதைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“இவரு லைப்ரரியே கதின்னு கிடக்குறாரு, ரிட்டயர் ஆனாலும் படிப்பு விடலன்னு அக்கம்பக்கத்துல சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

“எத்தனை பேர்கிட்ட?”

“அதுவா இப்ப முக்கியம்? பதினாலு மாசமா, பக்கத்துல படுத்திருக்கறவகிட்ட சொல்லாம, ஊருக்கே அச்சடிச்சு வித்திருக்கீங்க.”

திங்கட்கிழமை தச்சர் என்னை வழிமறித்து, “அது நீங்களா சார்? நான் நாயின்னு நெனச்சு போன வாரம்தான் பலகை வச்சு அடைச்சேன். சொல்லியிருந்தா ஒரு கதவு வச்சிருப்பேனே” என்றார். நூலகர் கீழ்த்தளக் கழிவறைச் சாவியை எடுத்து என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் பதில், இந்த வாசகர் தாமதிக்காமல் நேரில் வர வேண்டும் என்பது. போன புதன்கிழமை போனோம். மனைவியும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எப்ப வருவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்” என்றார் டாக்டர்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“வாசகருங்க ஒரு பாராதான் எழுதுவாங்க. இது ரெண்டு பக்கம். துணைத் தலைப்பு வேற.”

விரலால் பார்க்கும் பரிசோதனை நாற்பது விநாடி. திரை உண்டு, கையுறை உண்டு. வலி இல்லை, மரியாதை மட்டும் திரைக்கு வெளியே சற்று நேரம் காத்திருந்தது. வீக்கம் இருக்கிறது, கட்டி எதுவும் விரலுக்குத் தட்டவில்லை, ஆனால் விரலை மட்டும் நம்ப முடியாது, சிறுநீரில் கிருமியும் இருக்கிறது என்றார். அப்புறம் தாம்பத்தியம் பற்றிக் கேட்டார். கடைசியாகப் போன ஆகஸ்ட் என்றேன். “ஜூலை” என்றாள் மனைவி, பின்னாலிருந்து. இரண்டு தரப்பும் ஒத்துப்போகாததால் டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், அதற்கான மாத்திரைகள், மனக்கவலை, இதில் எதுவும் விறைப்பு குறையக் காரணமாக இருக்கலாம், சில சமயம் இதயக் கோளாறுக்கு அது முன்னறிவிப்பாகவும் இருக்கும், வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவதற்கில்லை, எதையும் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்றார். “எண்ணெய்?” என்றேன். “அது உங்க ஆபீஸ் விஷயம், எனக்குத் தெரியாது” என்றார். கிருமிக்கு மாத்திரையும் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டும் கொடுத்தார். எண் கூடுதலாக வந்தால் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார்.

இனிதான் இந்தக் கடிதத்தின் காரணம். எழுந்து வரும்போது டாக்டர் கேட்டார், “அப்பாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ இந்த இடத்துல புற்றுநோய் இருந்துச்சா? இருந்தா ஆறு வாரம் காத்திருக்க மாட்டேன்.” எனக்குப் பதில் தெரியவில்லை. நம் வீட்டு ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே நோய் வந்ததாகப் பதிவே இல்லை. சித்தப்பாவுக்கு வாயு. அப்பா எழுபத்தொரு வயதில் போனது முதுகுவலியில். முதுகுவலியில் யாரும் சாவதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்டவன் வீட்டில் கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் உங்களுக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் நடந்தது. பன்னிரண்டு நாள் யாரையும் பார்க்க வரவேண்டாம் என்றீர்கள். குடலிறக்கத்துக்குப் பன்னிரண்டு நாளா என்று விசாரித்தேன், இரண்டு டாக்டர்கள் சிரித்தார்கள். அண்ணா, அது என்ன ஆபரேஷன்? ஒரு வரி போதும், ஆம் அல்லது இல்லை. தகவல் தந்தவர் பெயர் வெளியே போகாது. அண்ணிக்குத் தெரிய வேண்டியதில்லை, என் மனைவிக்கு நான் இதை எழுதுவதே தெரியாது. இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

அண்ணியை நமஸ்காரத்துடன் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும், இருக்கிறார்களா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அன்புத் தம்பி.

பின்குறிப்பு: பதில் எழுத வேண்டாம். உறைக்குத் தபால்தலை தேடப் போன இடைவெளியில் மேலே உள்ளதை மனைவி படித்துவிட்டாள். “இதுக்குப் போய் நாலு பக்கமா?” என்று போனை எடுத்து அண்ணியை அழைத்தாள். பேச்சு நான்கு நிமிடம். குடலிறக்கம் இல்லை, புராஸ்டேட் புற்றுநோய், ஆரம்பத்திலேயே பிடித்து எடுத்துவிட்டார்கள் என்று அண்ணி உறுதி செய்தார். அப்பாவுக்கும் அதுவே, எலும்புக்குப் பரவியிருந்தது என்று அம்மா தன்னிடம் சொன்னதாகவும் சொன்னார். பெண்கள் இருவரும் நான்கு நிமிடத்தில் பேசி முடித்ததை ஆண்கள் இருவரும், நீங்கள் சொல்லாமலும் நான் கேட்காமலும், ஆறு வருடம் காப்பாற்றியிருக்கிறோம். என் மனைவியும் அண்ணியிடம் ஒன்று கேட்டாள்: வருடா வருடம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறாரா? இனி தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டதாக நீங்கள் சொன்னீர்களாம், இரண்டு வருடமாக எடுக்கவில்லையாம். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று எங்கள் டாக்டர் இப்போது, மதியம் ஒன்றரைக்கு, போனில் சொன்னார். எனக்கு ஆறு வாரம் ரத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்கேன். அதே இடத்தில் எட்டே முக்காலுக்கு உங்களுக்கு ரத்தம் எடுக்க இடம் பதிந்தாயிற்று, பதிந்தவர் அண்ணி. வியாழன் மாலைப் பேருந்தில் உங்களை ஏற்றி அனுப்புகிறாராம். உங்கள் முடிவு சனிக்கிழமை மதியம் வரும், என்னுடையது திங்கள் மாலை நான்கு மணிக்கு. அதுவரை நம் இருவரைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை.