மாப்பிள்ளை பார்த்த சாம்பிள்

மலைப்பாதையில் தனக்குத் தலை சுற்றாது என்று எந்த ஆணாவது மார்தட்டினால் நம்பாதீர்கள். அவன் புது மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டால் ஜீப்பில் அவன் பக்கத்தில் உட்காரக்கூடச் செய்யாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். மார்தட்டியவன் நான்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மதுரைக்காரன். அதுவரை நான் ஏறியிருந்த அதிகபட்ச உயரம் எங்கள் வீட்டு மொட்டைமாடி.

என் மாமியார் ராமுத்தாய்க்குப் போடிநாயக்கனூரில் தெரியாத ஆள் கிடையாது. ஏலக்காய்க் கடையில் காய்களைத் தரம் பிரிக்கிற வேலை. துக்கம் கேட்கப் போன வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். மாமனார் சீக்கிரமே போய்விட்டார். இரண்டு பெண்களையும் அத்தை தனியாளாக வளர்த்தது அந்தக் கையாலும் அந்த வாயாலும்தான்.

இளையவளுக்கு மலைக்கு மேலே, கேரளப் பக்கம் இருக்கிற பூப்பாறையில் வரன் அமைந்தது. நாங்கள் மேலே போய்ப் பையனுக்கு மாலை போட்டால் சம்பந்தம் உறுதி. அத்தை பருத்த பச்சைக் காய்களாகப் பொறுக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து ஏலக்காய் மாலை கோத்திருந்தார். பையனின் அப்பா ஏலக்காய் எஸ்டேட் சூப்பர்வைசர். சகுனத்தில் படு கறார். பூனை குறுக்கே போனதற்காக ஒரு சம்பந்தத்தையே வேண்டாமென்றவர் என்று கேள்வி.

நானும் மனைவியும் ஜீப்பில் ஏறியதும் மாலைப் பையை அத்தை என் மடியில் வைத்தார். “பத்திரம் மாப்ளே. உங்க மச்சினி கல்யாணமே இதுக்குள்ளதான் இருக்கு. ஆமா, மலை ஏறுனா உங்களுக்குத் தல சுத்துமா?”

“எனக்கா? ஓடுற பஸ்ல பேப்பர் படிக்கிறவன் அத்தை நான்!”

(முன்பக்கத் தலைப்பு மட்டும். அதுவும் பஸ் நின்றிருக்கும்போது.)

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வயிறு தொண்டைக்கு வந்தது. அங்கே ரோட்டோரம் ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை ஜீப்பை நிறுத்தி, முன்பின் தெரியாத அவளுடைய ஊர், குலம், எத்தனை பிள்ளை எல்லாம் விசாரித்துவிட்டு, “ஏலக்காய வாயில அடக்கிக்க ஆத்தா, நின்னுரும்” என்று முந்தானையிலிருந்து இரண்டு காய்களை அவிழ்த்துக் கொடுத்தார்.

எனக்கும் கேட்டிருக்கலாம். ஆனால் பேப்பர் படிக்கிறவன் எந்த முகத்தோடு கேட்பது? பைக்குள் மெல்லக் கையை விட்டேன்.

ஒரு வளைவுக்கு ஒரு காய் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் ரோடு போடுகிறவர்கள், டீக்கடைக்காரர், எதிரே வந்த ஜீப்பில் இருந்த தோட்ட வேலைப் பெண்கள் என்று அத்தை எல்லோரிடமும் வண்டியை நிறுத்திப் பேசினார். நின்ற இடத்திலெல்லாம் கூடுதலாக இரண்டு. அடக்கிக்கொள்ளத்தான் சொன்னார், நான் பயத்தில் கடித்து விழுங்கிக்கொண்டே வந்தேன்.

பூப்பாறையில் கூடம் நிறைய ஆட்கள். அத்தை மாலையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் ஒரு முழத்துக்கு வெறும் நூல்.

சூப்பர்வைசர் எழுந்து நின்றார். “எந்தா இது? மொத நாளே மாலை மொட்டையா இருக்கு! சகுனம் சரியில்லையே.”

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அந்த நேரம் பார்த்து எனக்கு ஓர் ஏப்பம் வந்தது. கூடமே ஏலக்காய் மணத்தது. அத்தையின் முகம் ஒரு கணம் வெளுத்ததைப் பார்த்தேன். இன்றைக்கும் மறக்கவில்லை. மறுகணம் சுதாரித்துக்கொண்டார்.

“என்ன சம்பந்தி, ஏலக்காய்க்காரரு இப்பிடிக் கேக்குறீக? ஏலத்துல சாம்பிளக் கடிச்சுப் பாக்காம எவனாச்சும் சரக்கெடுப்பானா? எங்க மூத்த மாப்ள கடிச்சுப் பாத்துருக்காரு. அம்புட்டுக் காயைக் கடிச்சாருன்னா சம்பந்தம் அம்புட்டுப் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம்!”

சூப்பர்வைசரின் மீசை ஆடியது. பிறகு வயிறும் குலுங்கியது. “சரி மாப்ளே, நீங்களே சொல்லுங்க. சரக்கு எப்பிடி?”

‘முதல் தரம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வார்த்தை இல்லை. வாசலுக்கு ஓடினேன், முழுதாகப் போய்ச் சேரவில்லை.

“சாம்பிளத் திருப்பிக் குடுத்துட்டாரு” என்று அத்தையின் குரல் கேட்டது.

யாரோ என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். புதுச் சட்டை நனைவதைப் பொருட்படுத்தாமல் முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தது மாப்பிள்ளைப் பையன்தான். அத்தை பின்னாலேயே வந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“எனக்கு வேற சகுனம் வேணாம் சம்பந்தி. அடுத்தவன் வாந்திக்குத் தலையத் தாங்குற பிள்ளைக்குக் கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணக் குடுக்கலாம்.”

நூலை இழுத்து முடிந்து, மாலையைக் குட்டையாக்கிப் போட்டார். அந்தப் பையன்தான் இன்று என் சகலை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கு ஏலக்காய் மாலை கட்டினாலும், அத்தை ஐந்து காய்களைத் தனியாகப் பொட்டலம் கட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மூத்த மாப்ள பங்கு” என்று என் கையில் கொடுப்பார். என் மகன் கல்யாணத்திலும் கொடுத்தார்.

போன வருஷம் அத்தை போய்விட்டார். பதினாறாம் நாள் படத்துக்கு ஏலக்காய் மாலை போட்டோம். நான் தள்ளியே நின்றேன். மச்சினி அழுத முகத்தோடு வந்து என் உள்ளங்கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். உள்ளே ஐந்து காய்.

ஒன்றை வாயில் போட்டேன். வீடே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சரக்கு எப்பிடி சகலை?” என்றார், அன்று என் நெற்றியைத் தாங்கியவர்.

அன்றைக்குப் பூப்பாறையில் சொல்ல வராததை இப்போது படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“முதல் தரம்.”