கடைசி நிமிஷக் காதலன்

பெண்டாட்டியின் இருபத்தைந்து வருஷக் கோபத்தை ஒரே சாயங்காலத்தில் தீர்த்துவிடுவது என்று கர்ட் முடிவெடுத்தான். எடுத்த இடம் ஏணியின் உச்சி. கையில் வெள்ளிக் காகித நட்சத்திரம்.

நெப்ராஸ்காவில் அந்தச் சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு அவன்தான் எல்லாம். கூட்டுவான், குழாய் பார்ப்பான், பல்பு மாற்றுவான். வருஷா வருஷம் மே மாதம் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் நடன விழாவுக்கு விளையாட்டுக் கூடத்தில் நட்சத்திரம் கட்டுவதும் அவன்தான். பிள்ளைகள் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். அவன் துடைப்பத்தோடு ஓரமாக நிற்பான். அவனுக்கு வாய்த்த ஜோடி அது.

அவனும் அதே பள்ளியில் படித்தவன்தான். ஆனால் ஆடவில்லை. காரணம் சினிமா.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடக் காதல் படம் ஓடாத தியேட்டர் கிடையாது. கதை ஒன்றேதான். கண்ணாடி போட்ட ஒரு பெண் இருப்பாள். நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் இறங்கினால் தேவதை! பையனுக்குப் பதினேழு வயது என்பார்கள். தாடையைப் பார்த்தால் இரண்டு பிள்ளைக்கு அப்பன். ஒருத்தரும் பரீட்சைக்குப் படிக்க மாட்டார்கள். பையன் ஏதாவது பெரிய தப்புப் பண்ணுவான். கடைசி நிமிஷத்தில் மூச்சு வாங்க ஓடி வந்து, மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்பான். பள்ளிக்கூடமே கை தட்டும். அவள் அழுதுகொண்டே சிரிப்பாள். தீர்ந்தது.

கர்ட் இதை வேதம் மாதிரி நம்பினான். மற்றப் பையன்கள் மார்ச்சிலேயே பெண்களிடம் விழாவுக்கு ஜோடியாக வருகிறாயா என்று கேட்டுவிட்டார்கள். இவன் மனசில் இருந்த, கூடப் படித்த ஜனெல்லைக் கேட்கவில்லை. முன்கூட்டியே கேட்டால் அதில் என்ன காதல்? பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நிமிஷத்துக்காகக் காத்திருந்தான். விழா அன்று சாயங்காலம் அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குக் குறுக்கே ஓடினான். ஒரு ஷூ சேற்றோடு போயிற்று. கதவைத் தட்டினான்.

"அவ வேலைக்குப் போயிட்டாளேப்பா," என்றாள் ஜனெல்லின் அம்மா. "யாரும் கூப்பிடலேன்னு, இன்னிக்கு ஐஸ்கிரீம் கடையில நான் நிக்கறேன்னு தானே கேட்டு வாங்கிக்கிட்டா."

உள்ளே, அவளே தைத்த பச்சை கவுன் கதவில் தொங்கியது.

கடைக்கு ஓடினான். காகிதத் தொப்பியோடு நின்ற ஜனெல் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"நான்... வந்து..."

"பின்னாடி ஆள் நிக்குது."

"வெனிலா," என்றான்.

கை தட்ட ஒரு ஈ காக்காய் இல்லை.

அப்புறம் எப்படியோ அவளோடேயே கல்யாணம் ஆயிற்று. பெண்கள் இரண்டு பிறந்தார்கள். ஆனால் அந்த வெனிலா அவன் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை. அதுவும் கொஞ்ச நாளாக ஜனெல்லின் முகமே சரியில்லை. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் பேச்சு இப்படிப் போயிற்று.

"கர்ட்டு, அந்த நர்ஸ் படிப்பைப் பத்திக் கேட்டேனே."

"எது?"

"பக்கத்து ஊர் காலேஜ்ல. வாரத்துல நாலு சாயங்காலம். நீ சமைச்சு, பொண்ணுங்களைப் பாத்துக்கிட்டா நான் போயிடுவேன். திங்கக்கிழமைக்குள்ள சேரணும்."

"பாக்கலாம்."

"போன வருஷமும் பாத்தே. அதுக்கு முந்தின வருஷமும் பாத்தே. டெலஸ்கோப் வாங்கித் தரட்டுமா?"

"மாட்டேன்னா சொன்னேன்? பாக்கலாம்னுதானே சொன்னேன்!"

"மாட்டேன்னு சொன்னாலாவது சண்டை போடலாம்."

எழுந்து போய்ப் பழைய படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மடியில் பாப்கார்னோடு உட்கார்ந்தாள். நடனக் காட்சி வந்தது. பொலபொலவென்று அழுதாள். கர்ட் கதவோரம் நின்று பார்த்தான். ஐயோ, இத்தனை வருஷமாகியும் அந்த விழாவை நினைத்துத்தான் அழுகிறாள்!

அதற்குத்தான் இந்த ஏணித் திட்டம். சனிக்கிழமை பிள்ளைகள் ஆடி முடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அலங்காரத்தைப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்னால், ஏதோ சாக்குச் சொல்லி வரச் சொன்ன ஜனெல் வருவாள், அவன் ஓடி வருவான், பாட்டு ஓடும். பாட்டுப்பெட்டிக்குப் பக்கத்து வீட்டு டுவெய்னைப் பிடித்தான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே, மாப்ளே."

"லோரிகிட்டக்கூடவா?"

"உன் பொண்டாட்டிகிட்டதான் முக்கியமா விடக் கூடாது!"

டுவெய்ன் வாய் திறக்கவில்லை. அவனுக்கு முகம்தான் ஊமை இல்லை. லோரி ஒரு தரம் உற்றுப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்றைக்கே ஜனெல்லுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. கர்ட்டுக்கு மட்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வேண்டுமே என்று மைதானத்தை ஒரு சுற்று ஓடக் கிளம்பினான். பாதிச் சுற்றே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் பாய்ந்தான்.

உள்ளே பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. கூடப் படித்தவர்கள், பாதிரியார், தலைமை ஆசிரியர். மேடையில் ஜனெல். கவுனும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்து உடுப்பு.

"நான் உன்னை மட்டும்தானே வரச் சொன்னேன்?"

"கூட்டம் இல்லாம யாரு கை தட்டுவா? ம், பேசு."

மைக்கை வாங்கினான். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஜனெல்லு... அந்தப் பச்சை கவுன் கதவுல தொங்கினதைத்தான் நான் பாத்தேன். நீ உடுத்தி நான் பாக்கவே இல்லை. சீக்கிரமாக் கேட்டிருக்கணும். வருஷா வருஷம் இந்த நட்சத்திரத்தைக் கட்டும்போதெல்லாம் வலிக்குது. மன்னிச்சுடு."

லோரி மூக்கைச் சிந்தினாள். கூடம் கை தட்டியது. கர்ட்டுக்குக் கண் கலங்கியது.

படத்தில் பெண் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றுவாள். ஜனெல் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இரு, உன் முகம் நல்லாத் தெரியட்டும். கர்ட்டு, கவுனை நான் எப்பவோ மறந்தாச்சு."

"அப்ப அந்தப் படத்தைப் பாத்து ஏன் அழறே?"

"அந்தப் பொண்ணு முதல் காட்சியில கை நிறையப் புஸ்தகம் வச்சிருப்பா. டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு சொல்லுவா. அப்புறம் அவன் வந்து மைக்கைப் பிடிக்கறான், ஆடறாங்க, படம் முடிஞ்சுடுது. அவ படிச்சாளா இல்லையான்னு ஒருத்தனும் காட்டலை."

கர்ட் தரையைப் பார்த்தான். இருபத்தைந்து வருஷம் வருத்தப்பட்டிருக்கிறான். அத்தனையும் தப்பான விஷயத்துக்கு.

"வாரத்துல நாலு சாயங்காலம். சமையல், பாத்திரம், பொண்ணுங்க எல்லாம் உன் பொறுப்பு. எல்லாரையும் வச்சுக்கிட்டுக் கேக்கறேன். என்ன சொல்றே?"

பழக்கதோஷம், வாயில் 'பாக்...' வரை வந்துவிட்டது. பாதி ஊர் அவனையே பார்த்தது. பாதிரியார் கையைத் தட்டத் தயாராக வைத்திருந்தார்.

"சரி," என்றான்.

கூரை அதிரக் கை தட்டினார்கள். டுவெய்ன் பாட்டைப் போட்டான். கர்ட் கோட்டைச் சரி செய்துகொண்டு, கண்ணை மூடி, ஆடுவதற்குக் கையை நீட்டினான். கண்ணைத் திறந்தபோது ஜனெல் வாசலில் கார் சாவியோடு நின்றாள்.

"படம் முடிஞ்சுது, கர்ட்டு. நாற்காலியெல்லாம் மடிச்சு வச்சுட்டு வந்து அடுப்பைப் பத்த வை."