சனி பகவானை வீட்டுக்குக் கூப்பிட்டவன்

ஊரில் எல்லோரும் சனி பகவானைக் கும்பிடுகிறார்கள். யாரும் கூப்பிடுவதில்லை. எள் விளக்கு ஏற்றி, நேருக்கு நேர் நிற்காமல் ஓரமாக ஒதுங்கி, "தூர இருந்தே அருள் பண்ணுப்பா" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். மயிலாப்பூரில் அவரை "வாங்க, உள்ளே வாங்க, இங்கேயே இருங்க" என்று வீட்டுக்கு அழைத்த ஒரே பிரகஸ்பதி நான்தான்.

அப்போது என் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம். ஒரு பழைய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்கார மாமாவும் மாமியும். குடிவரும்போது மாமா போட்டது ஒரே நிபந்தனை: முட்டைகூட வாசற்படி தாண்டக்கூடாது. தூத்துக்குடிக்காரியான செல்வி அதற்கும் தலையாட்டினாள். (மயிலாப்பூரில் வீடு கிடைப்பது என்றால் சும்மாவா?) அப்படியிருக்க, திடீரென்று ஒருநாள் மாமா இறங்கி வந்தார்.

"என் தங்கை பிள்ளைக்குத் தரமணியில வேலை கிடைச்சிருக்கு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்கோ."

வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு வீடு மாறக்கூடாது என்று என் அம்மாவும் மாமியாரும் போனில் அழுதார்கள். செல்வி வக்கீல். "ஒரு நோட்டீஸ் விட்டா மனுஷன் மிரண்டுருவாரு" என்றாள். "வேண்டாம், நான் மேலிடத்துல பேசிக்கிறேன்" என்றேன்.

மேலிடம் என்றால் கிரகங்கள். அந்தச் சமயம் நான் ஓய்வு நேரத்தில் (சரி, ஆபீஸ் நேரத்திலும்தான்) வெள்ளைக்காரர்களின் மந்திரச் சடங்கு வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடி வைத்த ஒரு துரை ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய கிழமை, நிறம், உலோகம், புகை எல்லாம் சேர்த்து, அதன் தேவதையைத் தன்னிடம் இறங்கி வரச் சொல்வார். வீடு, நிலம், இருந்த இடத்தில் அசையாமல் இருப்பது எல்லாம் சனியின் இலாகாவாம். "மொத்தம் ஏழு கிரகம்" என்று செல்விக்கு விளக்கினேன். "மிச்ச ரெண்டு பேரும் லீவா?" என்றாள். சனிக்கிழமை சூரியன் உதித்ததும் முதல் ஒரு மணி நேரம் சனிக்குரியது என்று ஓர் ஆப் சொன்னதைப் பெருமையாகக் காட்டினேன். அவள் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் காட்டினாள். 'சனி ஓரை' என்று அதிலேயே போட்டிருந்தது.

நான் அசரவில்லை. கறுப்பு அங்கிக்குச் செல்வியின் வக்கீல் கவுன். (எனக்கு முழங்காலோடு நின்றுவிட்டது.) புகைக்கு நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைப்போளம் என்ற பிசின். சனியின் உலோகம் ஈயம் என்பதால், வலையில் கட்டும் ஈயக் குண்டு கேட்டு நொச்சிக்குப்பம் போனேன்.

"இன்னாத்துக்கு நைனா?" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்தவர்.

"பூஜைக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வூட்ல சொல்லிக்கினு தானே வந்த?"

சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். செல்வியின் உத்தரவும் கையோடு இருந்தது. "போறதுதான் போறீங்க, நெத்திலி வாங்கிட்டு வாங்க. நாக்கு செத்துப் போச்சு. நீங்க புகை போடுற நேரத்துல நான் வறுத்துக்கிடுதேன். வாசம் வெளிய தெரியாது." இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவள் சடங்குக்குச் சம்மதித்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. ஹாலில் சாக்பீஸால் வட்டம் போட்டு, நடுவில் ஈயக் குண்டை வைத்து, கவுனோடு நின்றேன். சமையலறையில் எண்ணெய் சடசடத்தது. குரல் சுவர் அதிர ஒலிக்க வேண்டும் என்பது துரையின் கட்டளை. கண்ணை மூடிக்கொண்டு முழங்கினேன்:

"சனி பகவானே வருக! இந்த இல்லத்தில் இறங்குக! என்றென்றும் இங்கேயே தங்குக!"

மாமாவுக்கு அப்போது ஏழரைச் சனியின் கடைசிக் கட்டம். மொட்டை மாடியில் எள் சாதம் வைத்து "கா, கா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எள் சாதமா, நெத்திலி வறுவலா என்றால் காக்கைக்குத் தெரியாதா? சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்து ஒரு நெத்திலியைக் கவ்வியது. செல்வி போட்ட கூச்சலில் மிரண்டு, ஹாலுக்குள் பறந்து வந்து, சரியாக என் வட்டத்துக்குள் இறங்கியது. புகைக்கு நடுவே கண்ணைத் திறந்தேன். கறுப்பாக ஏதோ சிறகடித்தது. வந்தேவிட்டார்! நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

கதவு தடதடத்தது. செல்வி ஓடிப்போய்த் திறந்தாள். வெளிச்சத்தைப் பார்த்த காக்கை பாய்ந்து, வாசலில் நின்ற மாமாவின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பின்னால் நின்ற மாமியையும் தாண்டிப் பறந்துவிட்டது.

மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வாரா வாரம் நான் கூப்பிடறேன், ஒண்ணு எட்டிப் பார்க்கலை. இவர் கூப்பிட்டா ஆத்துக்குள்ளயே வரதே! என்றென்றும் தங்குன்னு வேற சொன்னீரே ஐயா! எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கே! மாசக் கடைசியெல்லாம் வேண்டாம், இன்னிக்கே கெளம்புங்கோ!"

"சனியனைத் தூக்கிப் பனியன்ல போட்ட கதைல்லா ஆயிட்டு" என்று செல்வி முணுமுணுத்தாள். அவள் கை வயிற்றைப் பிடித்திருந்தது. கண் கலங்கியிருந்தது. தரையில் கிடந்த எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மாமிதான் வாயைத் திறந்தாள். "சித்த இருங்கோன்னா. கூப்பிட்டவா கெளம்பிப் போயிட்டா, வந்த விருந்தாளி யார்கிட்ட இருப்பார்?"

மாமாவின் முகம் வெளுத்தது. "யார்கிட்ட?"

"நம்மகிட்டதான். அழைச்சவாதானே இருந்து கவனிச்சு வழியனுப்பணும்?"

மாமா எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க எங்கேயும் போகப்படாது!"

தங்கை பிள்ளை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனுக்குப் போனான். (தம்பி, மன்னித்துக்கொள்.) செல்விக்கு வலி வந்தபோது நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது மாமாவும் மாமியும்தான். பத்தியச் சாப்பாடு மாடியிலிருந்து வந்தது. ஏழரை முடிந்ததும், இனி போகச் சொல்வார் என்று பயந்துகொண்டே மேலே போனேன். மாமா என் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "சத்தம் போடாதீரும், இப்பத்தான் கண் அசந்தா" என்றார். இந்த ஊரில் எங்களுக்கென்று மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அன்று மாலை செல்வி மாமியிடம் கேட்டாள்: "கூப்பிட்டவங்கதான் வழியனுப்பணும்னு எந்த சாஸ்திரத்துல மாமி இருக்கு?"

"ஒரு சாஸ்திரத்துலயும் இல்லடி. காக்கா மூக்குல மீன் வால் தொங்கறதைப் பார்த்தேன். மாசமா இருக்கிற பொண்ணு ஆசைப்பட்டுச் சாப்பிடறது, இதைப் போய் வெளியில அனுப்பறதான்னு இருந்தது."

மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவர் கூப்பிட்டா பகவான் நேரா வருவார்" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார். சனிக்கிழமை அவர் கோயிலுக்குக் கிளம்பி, தெருமுனை திரும்பியதும் மாடியிலிருந்து மாமியின் குரல் கேட்கும்:

"செல்வி, மாமா போயாச்சு. வாணலியை வெச்சு பகவானை வரச் சொல்லு!"