தென்வயலில் ஓர் ஓடுபாதை

மேலகரம், தென்காசி.
ஆடி மாதம், சாரல் விடாத ஒரு நாள்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை கணேசமூர்த்தி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளரும் தங்கள் மாமனாருமான சுந்தரபாண்டியன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சாரலும் நலம். அவ்விடம் தாங்களும், நிறைமாதமாக இருக்கும் மகள் மீனாவும் நலமாக இருக்கப் பண்பொழி மலைமேல் இருக்கும் குமாரசாமி பார்த்துக்கொள்வார். போனில் பேசினால் மீனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் எடுத்துப் படிப்பாள் என்பதால், இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன். விஷயம் வேறொன்றுமில்லை. மெல்போர்னுக்கு வர எங்கள் இருவருக்கும் போட்டிருக்கும் விமான டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். பிரசவ நேரத்தில் பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் நான் முன்பே போனில் சொன்னபடி, உங்கள் அத்தை ஆனந்தவள்ளிக்கு விமானம் என்றால் பயம். நானோ புளியறைச் சோதனைச் சாவடியில் ஓடுகிற லாரியில் தாவி ஏறிக் கடத்தல் அரிசியைப் பிடித்தவன். என்னைப் பற்றிப் பேச்சில்லை.

அத்தையின் பயம் தெளியட்டும் என்று நீங்கள் அனுப்பிய கம்ப்யூட்டரும், விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் விளையாட்டும், அதற்கான கைப்பிடியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. முதலில் நானே ஓட்டிப் பார்த்தேன். திருவனந்தபுரத்தில் கிளம்பி, மலையைத் தாண்டி, நம் ஊருக்கு மேலே வந்து பார்த்தால் ஊரையே காணோம். பச்சைப் பாய் விரித்த மாதிரி வெறும் தரை. குற்றாலத்தில் அருவி இல்லை, தென்காசியில் கோபுரம் இல்லை, நம் தெரு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக்காரர்கள் வீடு சிலதும் கிறிஸ்துமஸ் மரங்களும் நின்றன. காவல் நிலையத்தில் இருந்திருந்தால் ஊரைக் காணவில்லை என்று வழக்கே பதிந்திருப்பேன். உங்கள் அத்தை உள்ளி உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இது எந்த ஊரு? நம்ம ஊரைக் காட்டினா நானும் பாப்பேன்லா" என்றாள். பேச்சுவாக்கில் சொன்னது என்று நீங்கள் நினைக்கலாம். போலீஸ்காரன் வாக்குமூலத்தை அப்படி விட்டுவிட மாட்டான். நம் ஊரைக் காட்டாமல் அவள் விமானம் ஏற மாட்டாள் என்று எனக்கு அப்போதே புரிந்துபோயிற்று.

கம்ப்யூட்டர் கடை ஹம்தானைக் கூப்பிட்டேன். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் எடுத்த போட்டோவை இறக்கி, விளையாட்டில் இருக்கிற தரைமேல் கம்பளம் மாதிரி விரித்துவிட்டால் அச்சு அசல் நம் ஊர் வந்துவிடும் என்றார். யாரைக் கேட்டு நம் மொட்டைமாடியைப் போட்டோ எடுத்தான் என்று கேட்டேன், அவர் பாட்டுக்கு மௌஸைத் தள்ளிக்கொண்டிருந்தார். எவ்வளவு தெளிவாக வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. எதற்குக் குறை வைப்பானேன் என்று, இருப்பதிலேயே உச்சத் தெளிவில், புளியறையில் தொடங்கிக் கடையம் வரைக்கும் கட்டம் போட்டு அழுத்தினேன். வீட்டு நெட் தீர்ந்தது, கம்ப்யூட்டரில் இடமும் தீர்ந்தது. ஹம்தான் தலையில் கைவைத்து, "அண்ணாச்சி, கடையத்துக் கத்திரிக்காய்த் தோட்டமெல்லாம் இவ்வளவு தெளிவா எதுக்கு?" என்றார். என் தங்கை வீடு அங்கேதான் இருக்கிறது, விட்டால் பேச்சு வராதா என்றேன். அதையெல்லாம் அழித்து மறுபடி இறக்கினால், சாரல் காலத்தில் எடுத்த படமாம், குற்றாலம் முழுக்க மேகம். சரியென்று வெயில் காலத்துப் படத்தை எடுத்தால் அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பாறை கருகருவென்று நிற்கிறது. இரண்டையும் ஒட்டினேன். இப்போது இலஞ்சிக்கு இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் சித்திரை. நடுவிலே நேர்கோடு.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. உயரத்திலிருந்து பார்த்தால் ஊர் ஜம்மென்று இருக்கிறது, தாழ வந்தால் எல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. நம் வீடு, தண்ணீர்த் தொட்டி, தென்னைமரம் எதற்குமே உயரம் கிடையாது. "தரைதான் அண்ணாச்சி போட்டோ. வீடு, மரமெல்லாம் நாமதான் ஒவ்வொண்ணா எழுப்பி நிறுத்தணும்" என்று ஹம்தான் இப்போது சொல்லுகிறார். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? முதல் வேலையாகக் கோயில் கோபுரத்தை எழுப்பினேன். கம்ப்யூட்டர் மீட்டரில் கேட்கிறது என்று தெரியாமல் அடிக்கணக்கைப் போட்டுவிட்டேன். கோபுரம் குற்றால மலைக்குப் போட்டியாக வளர்ந்து நின்று, நான் ஓட்டி வந்த விமானம் நேராக அதில் போய் மோதியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுநாள் நேரில் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தேன்.

பிறகு, நம் வீட்டு வாசலிலிருந்தே ஏறிப் பழகினால் ஆனந்தவள்ளிக்கு மனம் தெளியும் என்று, நம் தென்வயலில் ஓர் ஓடுபாதை போட்டேன். வயல் சின்னது, ஓடுபாதை நீளம். கொஞ்சம் பக்கத்து வயலுக்குள் போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தானா என் சித்தப்பா மகன் ஜெகதீஸ்வரன் காப்பி குடிக்க வர வேண்டும்? பக்கத்து வயல் அவனுடையது என்று உங்களுக்குத் தெரியும். திரையைப் பார்த்தவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏண்ணே, இது என் வயல்லா? ஒரு வார்த்தை கேக்காம எப்படிப் போட்டிய?"

"விளையாட்டுலே. நெசமில்ல."

"இன்னிக்கு விளையாட்டும்பிய, நாளைக்கு அனுபவ பாத்தியம்பிய. போலீஸ்காரன் புத்தி எனக்குத் தெரியாதா? மரியாதையா எடுத்திருங்க."

எடுத்தால் பாதி ஓடுபாதைதான் மிஞ்சும், விமானம் எழும்பாது. வளைத்துப் போடலாமா என்று ஹம்தானிடம் கேட்டேன், அவர் போனை வைத்துவிட்டார். சரி, வரப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம் என்று நானும் ஜெகதீஸ்வரனும் குடை பிடித்துக்கொண்டு வயலுக்கே போனோம். அங்கேதான் பெரிய குழப்பம். படத்தில் இருக்கிற வரப்பும் தரையில் இருக்கிற வரப்பும் ஒத்துவரவில்லை. படம் கொஞ்சம் விலகி ஒட்டியிருக்கும் என்கிறார் ஹம்தான். படம் எப்படிப் பொய் சொல்லும், நீங்கள்தான் கல்லை நகர்த்தியிருக்கிறீர்கள் என்கிறான் ஜெகதீஸ்வரன். அந்தப் படத்தின்படி பார்த்தால் அவன் வீட்டுக் குளியலறை என் கிணற்றுக்குள் இருக்கிறது, அதை மட்டும் அவன் பேசமாட்டேன் என்கிறான். கடைசியில் உங்கள் அத்தைதான் போய்ப் பேசி, விமான நிலையத்துக்கு அவன் அப்பா பெயரை வைப்பதென்று சமாதானம் ஆயிற்று. பெயர் வைத்துவிட்டேன். ஆனாலும் எல்லை விவகாரம் தீராமல் நான் ஊரை விட்டு எப்படிக் கிளம்புவது? இதையும் தாங்கள் யோசிக்க வேண்டும்.

நேற்று, எல்லாம் தயாரான பிறகு, ஆனந்தவள்ளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைப்பிடிக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, விமானத்தைக் கிளப்பினேன். அவள் பயத்தை என்னவென்று சொல்வேன்! முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டே இருந்தாள். பயம் முற்றினால் ஆள் இப்படித்தான் அமைதியாகிவிடுவான், எத்தனை குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறேன். விமானம் தரையை விட்டு எழும்பியபோது அவள் என்னைப் பார்த்து, "என்ன, கண்ணை மூடிட்டிய?" என்றாள். திரை வெளிச்சம் கண்ணைக் கூசியது. நாற்காலிக்குச் சக்கரம் இருப்பதால் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சட்டை நனைந்தது சாரல் காற்றின் ஈரம். அருவி வரும்போது சொல்லு, கண்ணைத் திறக்கிறேன் என்றேன், அவள் சிரித்தாள். பயத்தில் சிலருக்குச் சிரிப்பும் வரும்.

இந்த நிலைமையில் அவளை நிஜ விமானத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எழுதுகிற மேசையை இறுகப் பிடித்துக்கொள்கிறேன், அதாவது அவளுக்காக. போதாக்குறைக்கு நீங்கள் டிக்கெட் போட்டிருப்பது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், நாங்கள் திருவனந்தபுரம் போகப் புளியறை வழியாக மேற்கேதான் கிளம்பியாக வேண்டும். அவள் இதெல்லாம் ரொம்பப் பார்ப்பாள். ஆகவே ஊரிலுள்ள வீடுகளையும் தென்னைமரங்களையும் நான் எழுப்பி முடிக்கிற வரையில், புரட்டாசியோ ஐப்பசியோ, டிக்கெட்டைத் தள்ளிப் போடவும். பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ராத்திரி படுத்தால் அந்த நினைப்புத்தான். ஆனாலும் ஆனந்தவள்ளியின் பயத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாமா?

தாங்களும் மீனாவும் குற்றாலநாதர் அருளால் சகல சௌக்கியத்தோடும் நல்லபடியாகப் பிள்ளை பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா சுந்தரபாண்டியன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு, உங்க அத்தை எழுதுதேன். தபாலில் போடச் சொல்லி என் கையில்தான் கொடுத்தாக. உறையை ஒட்டவில்லை, படிச்சுட்டேன். டிக்கெட்டைத் தள்ள வேண்டாம். என் பெட்டியும் அவுக பெட்டியும் கட்டியாச்சு. சூலத்துக்கு ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுட்டுக் கிளம்பினாப் போதும். எனக்கு விமானத்துல ஒரு பயமும் கிடையாது, எப்பவும் இருந்ததில்ல. இதை அவுககிட்ட நீங்க கேக்காதிய, மீனாகிட்டயும் சொல்லாதிய. ஏறும்போது எனக்குப் பயமா இருக்கு, கையைப் பிடிச்சுக்கிடுங்கன்னு நான் சொல்லுவேன். இறங்குத வரைக்கும் விடமாட்டாக.