பெட்டியைப் பார்க்க வந்த மாப்பிள்ளை

தென்காசி,
20.7.1987

அன்புள்ள மாப்பிள்ளை ஹரிஹரசுப்பிரமணியன் அவர்களுக்கு, மாமனார் நாறும்பூநாதன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. சிங்கப்பூரில் தாங்களும் அகிலாண்டமும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே சாரல் நன்றாக விழுகிறது. மற்றதெல்லாம் நாசம்.

போன லீவில் தாங்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் பெட்டியைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளவும். டி.வி.யில் இணைத்து, கேசட்டைப் போட்டு, அது கால் மணி நேரம் கீச்சென்று கத்தி முடித்ததும் உலக யுத்தம் ஆரம்பமாகிறது. எம்.ஏ. படித்த தங்கள் கொழுந்தியாள் நீலா, நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கேப்டனாகி, சாயங்காலமானால் அட்லாண்டிக்கில் இருக்கிறாள். எனக்கும் ஒரு நாள் சொல்லிக் கொடுத்தாள். நான் குண்டு போட்டு மூழ்கடிக்க வேண்டிய ஒன்பது சரக்குக் கப்பல்கள் இடைவெளி பிசகாமல் வரிசையாக வந்தன. முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன், ஒழுங்காக வருவதை எப்படி மாப்பிள்ளை மறிப்பேன்? ஒன்பதையும் பத்திரமாகப் போகவிட்டேன். நான் பதவிக்கே லாயக்கில்லை என்று பெட்டி எழுதிக் காட்டியது. பென்ஷன்காரனிடம் பேசுகிற பேச்சா இது?

அதுகூடப் போகட்டும். வெள்ளிக்கிழமை கீழப்பாவூரிலிருந்து நீலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கென்று தனியாக வருவானேன் என்று குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத் துண்டுகளை நம் வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். இந்த வருஷத்தில் இது மூன்றாவது வரன். இதுவும் தட்டிப்போனால் உங்கள் அத்தை படுத்துவிடுவாள். பையன் சங்கரபாண்டிக்குப் பாங்கில் வேலை. வந்தவன் பெட்டியைப் பார்த்தான், அதன் முன்னால் உட்கார்ந்தான், அவ்வளவுதான். கேசரி ஆறியது, பஜ்ஜி ஆறியது. நீலா காபியோடு போய் நின்றால், திரும்பிப் பாராமல், "கொஞ்சம் தள்ளிக்கோங்க, கப்பலு மறைக்குது" என்கிறான். இவளும் தள்ளி நின்றாள். எதிரிகள் குண்டு போட்டு அவனை மூன்று தடவை கடலடிக்கு அனுப்பினார்கள். நாலாவது தடவை இவளுக்குப் பொறுக்கவில்லை. "பெரிஸ்கோப்ப இம்புட்டு நேரம் தூக்கி வச்சிருந்தா அவன் பாக்க மாட்டானா? முதல்ல கீழ போங்க" என்றுவிட்டாள். பையனின் அம்மா, "உங்க பொண்ணு நல்லாத்தான் பேசுதா" என்று சொல்லி, காயாத துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். என் மகள் வாழ்க்கை தங்கள் பெட்டியால் கெட்டது என்று எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். யார் வந்தாவது அதை எடுத்துப் போகட்டும்.

அகிலாண்டத்துக்கு எங்கள் ஆசிகள். இருவரும் நீண்ட ஆயுளோடும், நிம்மதியான சாயங்காலங்களோடும் வாழ்க.

இப்படிக்கு,
ஆ. நாறும்பூநாதன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது கீழப்பாவூர்த் தபால் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். நகை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லையாம், அந்தப் பெட்டி மட்டும் பெண்ணோடு கட்டாயம் வந்துவிட வேண்டுமாம். நீலாவிடம் வாசித்துக் காட்டினேன். "நான் எப்படி இருப்பேன்னு அவருக்குத் தெரியுமான்னு கேளுங்கப்பா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வேண்டாமென்று உடனே எழுதிப் போட்டுவிட்டேன். ஆகையால், ஆளைக் காட்டிக் கொடுத்த பெட்டி இங்கேயே இருக்கட்டும். அங்கே நல்ல வரன் இருந்தால் எழுதுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவனானாலும் பரவாயில்லை, காபி கொண்டுவருகிறவளை ஏறிட்டுப் பார்க்கிறவனாக இருக்கட்டும்.